போன இடத்தில் உடம்பு முடியாமல் போனால்: எம்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல், தீபாவளி, ஜூன் பள்ளி விடுமுறை முடிந்த அடுத்த வாரம் சிங்கப்பூரில் உள்ள எங்கள் மனிதவளப் பிரிவுக்கு ஒரே மாதிரி செய்திகள் வரும். "ஊரில் படுத்துவிட்டேன், டாக்டர் சீட்டை அனுப்பியிருக்கிறேன், எம்சி போட்டுக்கொள்ளுங்கள்." எம்சி என்பது நோய் விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழ். அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே முடியாமல் கிடந்தவர்கள். ஆனால் எதைக் கேட்கலாம், எப்போது கேட்க வேண்டும், எந்தத் தாள் செல்லும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அலுவலகத்திலும் உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டு டாக்டர் கொடுத்த சான்றிதழைக் கம்பெனி ஏற்றுத்தான் ஆகவேண்டுமா?

இல்லை. பலருக்கும் பிடிக்காத பதில் இது. சம்பளத்துடன் நோய் விடுப்பு கிடைக்க வேண்டுமென்றால், சான்றிதழ் கொடுப்பவர் சிங்கப்பூரில் பதிவுபெற்ற டாக்டராகவோ பல் டாக்டராகவோ இருக்க வேண்டும் என்கிறது வேலை நியமனச் சட்டம். 2019 ஏப்ரல் 1க்கு முன்பு இதைவிடக் கெடுபிடி. கம்பெனி நியமித்த டாக்டர் அல்லது அரசாங்க டாக்டர் சீட்டைத்தான் முதலாளி ஏற்கக் கடமைப்பட்டிருந்தார். இப்போது பேட்டைக் கிளினிக் எதுவாக இருந்தாலும் சரி, ஆனால் அது சிங்கப்பூர்க் கிளினிக்காக இருக்க வேண்டும். திருச்சியில் உங்களைப் பார்த்த டாக்டர் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் இங்குள்ள பதிவேட்டில் பெயர் இல்லையென்றால், அந்தச் சீட்டை ஏற்பதும் மறுப்பதும் முதலாளியின் விருப்பம்.

அதற்காக மனதை விட்டுவிட வேண்டாம். நியாயமான சீட்டு என்றால் ஏற்றுக்கொள்ளும் கம்பெனிகள் நிறைய உண்டு. சில இடங்களில் ஊழியர் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாக உங்கள் ஒப்பந்தம் கொடுத்திருந்தால் அதுதான் உங்களுக்குப் பொருந்தும். விமானம் ஏறுவதற்கு முன்பே கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

வருடாந்திர லீவில் இருக்கும்போதே காய்ச்சல் வந்துவிட்டது. அந்த நாட்களை எம்சியாக மாற்றி லீவைத் திரும்ப வாங்க முடியுமா?

சட்டப்படி முடியாது. வருடாந்திர விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு, ஓய்வு நாள், பொது விடுமுறை ஆகிய நாட்களில் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்புக்கு உரிமை கிடையாது. மருத்துவமனையில் படுத்திருந்தால் சில முதலாளிகள் இரக்கப்பட்டு லீவைத் திருப்பித் தருவார்கள். கேட்டுப் பார்க்கலாம், ஆனால் உரிமை என்று வாதாட வேண்டாம்.

ஆகவே வெளிநாட்டுச் சீட்டைப் பற்றிய பேச்சே லீவு முடிந்து, நீங்கள் வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டிய நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

சரி, திங்கட்கிழமை வேலைக்குப் போகணும், ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே முடியவில்லை. முதலில் என்ன செய்ய?

போனை எடுங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பேகூட.

வேலைக்கு வராமல் போன 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொல்லாவிட்டால் அனுமதியில்லாமல் வராமல் போனதாக எடுத்துக்கொள்ளலாம். இதைவிட முக்கியமான ஒன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல், அல்லது காரணத்தைத் தெரிவிக்கக்கூட முயலாமல், இரண்டு வேலை நாட்களுக்கு மேல் தொடர்ந்து வராமல் இருந்தால் ஒப்பந்தத்தை நீங்களே முறித்துவிட்டதாகக் கருதலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. எம்சி செல்லுமா செல்லாதா என்பது இரண்டு மூன்று நாள் சம்பளப் பிரச்சினை. தகவல் சொல்லாமல் இருந்தால் வேலையே போய்விடலாம்.

"தெரிவிக்க முயன்றார்" என்பதற்கும் மதிப்பு உண்டு என்பதால், எழுத்தில் தடயம் இருக்கட்டும். போனில் பேசினாலும் பின்னாலேயே ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள். மேலாளருக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள். மேற்பார்வையாளர் அண்ணனிடம் மட்டும் சொன்னால், அவர் அன்றைக்கு வேறு சைட்டில் இருப்பார், சொல்ல மறந்துவிடுவார். எப்படி எழுதுவது என்று தயங்குகிறவர்களுக்காக ஒரு மாதிரி:

"வணக்கம் அண்ணே. நேற்று இரவிலிருந்து கடும் காய்ச்சல். தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்தேன், புதன்கிழமை வரை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். இன்று விமானத்தில் வர முடியாது. சீட்டின் படம் இணைத்திருக்கிறேன். டிக்கெட்டை வியாழக்கிழமைக்கு மாற்றியிருக்கிறேன், அதன் படமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்துவிடுவேன்."

இதில் கடைசி இரண்டு வரிகளுக்குத்தான் பலன் அதிகம். எப்போது திரும்புவீர்கள் என்று தெரிந்தால் உங்கள் ஷிஃப்டுக்கு ஆள் போட முடியும். பழைய டிக்கெட்டும் புது டிக்கெட்டும் கண்ணுக்கு முன்னால் இருந்தால் சந்தேகமும் குறையும். நீங்களே பேச முடியாத நிலை என்றால் மனைவியோ தம்பியோ உங்கள் எண்ணிலிருந்து அனுப்பட்டும்.

டாக்டரிடம் என்ன எழுதித் தரச் சொல்ல வேண்டும்?

பாதிச் சீட்டுகள் இங்கேதான் சறுக்குகின்றன.

முதலில் பெயர். ஊரில் டாக்டர் "முருகன், வயது 34" என்று எழுதிவிடுவார். வேலை அனுமதிச் சீட்டில் அப்பா பெயரும் சேர்ந்து "குப்புசாமி முருகன்" என்று இருக்கும். சீட்டில் உள்ள 'கு. முருகன்' நீங்கள்தான் என்று நமக்குத் தெரியும், இன்ஷியல் பழக்கமே இல்லாத சீன மேலாளருக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், அதில் உள்ளபடியே பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து தேதி. "ஐந்து நாள் ஓய்வு தேவை" என்று மட்டும் இருந்தால் எந்த ஐந்து நாள்? பார்த்த தேதி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வேலைக்குத் தகுதியில்லை என்ற வாசகம், டாக்டர் பெயர், மருத்துவ மன்றப் பதிவு எண், கையெழுத்து, முத்திரை, கிளினிக் முகவரி, தொலைபேசி எண். இவை இருந்தால் போதும். ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு வேறு, சான்றிதழ் வேறு. மாத்திரைப் பெயர்கள் மட்டும் உள்ள துண்டுத்தாளை எம்சி என்று அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தியச் சான்றிதழில் இங்குள்ள மேலாளர்களை விழிக்க வைக்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. மேலே உங்கள் கையெழுத்து இருக்கும், கீழே "வலது முன்கையில் ஒரு மச்சம்" என்று இருக்கும். இதென்ன போலீஸ் புகாரா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள்படி, சான்றிதழ் தரும் டாக்டர் நோயாளியின் கையெழுத்தோ கைநாட்டோ, முகவரி, ஓர் அங்க அடையாளம் ஆகியவற்றைப் பதிவுசெய்து, நகலையும் வைத்துக்கொள்ள வேண்டும். மச்சம் எழுதியிருக்கிறதென்றால் டாக்டர் முறையாகச் செய்திருக்கிறார் என்று பொருள். கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

இரண்டாவது, நோயின் பெயர். சிங்கப்பூர் எம்சியில் வேலைக்குத் தகுதியில்லை என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும், என்ன நோய் என்று இராது. இந்தியச் சான்றிதழில் டைஃபாய்டு, வைரஸ் காய்ச்சல் என்று தெளிவாக எழுதிவிடுவார்கள். பெண்கள் நலம், மனநலம் போன்ற விஷயங்களில் அது அலுவலகம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. குழு வாட்ஸ்அப்பில் போடாமல் மனிதவளப் பிரிவுக்கு மட்டும் அனுப்புங்கள்.

அரசு மருத்துவமனையா, தனியார் கிளினிக்கா?

சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே வெளிநாடு. உடம்புக்கு எது நல்லதோ அங்கே போங்கள். அரசு மருத்துவமனை ஓபி சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துக்கடை பில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்ட பரிசோதனை முடிவு சான்றிதழைவிடவும் நம்பிக்கை தரும். பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் அதற்கும் இதே தாள்கள்தான் தேவைப்படும்.

ஊரில் இருந்தபடியே சிங்கப்பூர் டாக்டரிடம் வீடியோவில் பேசி எம்சி வாங்கலாமே?

புத்திசாலித்தனமாகத் தோன்றும் யோசனை. பெரும்பாலான இணைய மருத்துவச் சேவைகள் நோயாளி அந்த நேரத்தில் சிங்கப்பூரில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கின்றன. இருக்கிறேன் என்று பொய் சொல்லி வாங்கினால், குடிநுழைவுப் பதிவும் விமானச் சீட்டும் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். இணைய எம்சிகளை முதலாளிகள் முன்பைவிடக் கூர்ந்து பார்க்கிறார்கள். 2024இல் ஒரே மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலோசனைகளை ஒரு நிமிடத்துக்குள் முடித்த ஒரு சேவையின் உரிமத்தைச் சுகாதார அமைச்சு பறித்த செய்தி எல்லா மனிதவள அதிகாரிகளுக்கும் நினைவிருக்கிறது.

திரும்பி வந்ததும் இங்கே டாக்டரைப் பார்த்து, போன நாட்களுக்கும் சேர்த்து எம்சி கேட்கலாமா?

கேட்கலாம், கொடுக்க மாட்டார். தான் பார்க்காத நாளுக்கு டாக்டர் எப்படிச் சான்று சொல்வார்? பின்தேதியிட்டு எழுதுவது சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் அவருக்கே வினையாக முடியும்.

ஆனால் இன்னும் உடம்பு சரியாகவில்லை என்றால், விமானத்தை விட்டு இறங்கியதும் இங்கே ஒருவரைப் பார்ப்பது மிக நல்லது. அன்றிலிருந்து அவர் கொடுக்கும் எம்சி முழுச் செல்லுபடியாகும். ஊர்த் தாள்களைக் காட்டினால், இன்ன நோய்க்கு இன்ன இடத்தில் சிகிச்சை பெற்றதாக ஆவணங்கள் உள்ளன என்று தனியாக ஒரு மெமோ எழுதித் தரும் டாக்டர்களும் உண்டு. அது எம்சி ஆகாது, ஆனால் மேலாளரின் மனத்தை மாற்ற உதவும்.

நான் ஜோகூர் பாருவில் வசிக்கிறேன், தினமும் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வருகிறேன். என் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் எம்சி?

அதே விதிதான், மலேசிய டாக்டர் வெளிநாட்டு டாக்டர். காய்ச்சலோடு உட்லண்ட்ஸ் வரிசையில் நின்று சிங்கப்பூர்க் கிளினிக்குக்கு வந்து எம்சி வாங்கு என்பது மனிதாபிமானமாக இல்லை என்று நானும் நினைக்கிறேன். மலேசிய ஊழியர்கள் அதிகமுள்ள கம்பெனிகள் பல இதை உணர்ந்து மலேசிய எம்சியை ஏற்கின்றன. சில கம்பெனிகள் வருடத்துக்கு இத்தனை என்று வரம்பு வைத்திருக்கின்றன, சில குறிப்பிட்ட கிளினிக்குகளைச் சொல்கின்றன. வேலையில் சேரும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நேர்முகத் தேர்வில் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்குவார்கள். நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் நாளில் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சித்த வைத்தியர், எலும்புக் கட்டு வைத்தியர் கொடுத்த சீட்டு?

சிங்கப்பூரில் உள்ள சீனப் பாரம்பரிய மருத்துவர் தரும் எம்சியையே முதலாளி ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊரில் கட்டுப் போட்ட இடத்துச் சீட்டு அதைவிடப் பலவீனம். கட்டு உங்கள் விருப்பம், ஆனால் அதற்கு முன் ஓர் ஆங்கில மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்து, முறிவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் படுக்க வேண்டி வந்தால் 60 நாள் கிடைக்குமா?

ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் சாதாரண நோய் விடுப்பு, அதையும் உள்ளடக்கி மருத்துவமனை விடுப்பு 60 நாள். மூன்று மாதம் முடித்தவருக்கு முறையே 5 நாள், 15 நாள் என்று தொடங்கி மாதாமாதம் கூடும். மூன்று மாதம் முடியாதவருக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை. இவை சிங்கப்பூரில் சேர்க்கப்பட்டவருக்கான கணக்கு. வெளிநாட்டு மருத்துவமனை என்றால் மறுபடியும் முதலாளியின் விருப்பம்தான், ஆனால் அப்படிப்பட்ட நேரத்தில் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பவர்கள் குறைவு. டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் வாங்குங்கள். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், அம்மை போட்டவர்கள் விமானத்தில் பறக்கத் தகுதி என்று டாக்டர் கடிதம் இல்லாமல் விமான நிலையத்துக்குப் போனால் திருப்பி அனுப்பப்படலாம்.

வேலை அனுமதிச் சீட்டு, எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான அனுமதி) ஊழியர்களுக்கு முதலாளி எடுக்கும் மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலையிலிருந்து குறைந்தது 60,000 வெள்ளி. அது சிங்கப்பூரில் இருக்கும் காலத்தை மனத்தில் வைத்து எடுப்பது. ஊர் மருத்துவமனை பில்லுக்கு அதை நம்பாதீர்கள்.

எனக்கு இதுவே வெளியூர்தான். தங்கும் விடுதியில் இருக்கிறேன். எம்சி எடுத்தால் சூப்பர்வைசர் கோபப்படுகிறார்.

கோபம் சட்டமில்லை. இங்கே பதிவுபெற்ற டாக்டர் கொடுத்த எம்சியை ஏற்க முதலாளி கடமைப்பட்டவர், உங்கள் சிகிச்சைச் செலவும் அவர் பொறுப்பு. விடுதிகளில் இருப்பவர்களுக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் துறை (எண்ணெய், ரசாயன ஆலைகள் போன்றவை) ஊழியர்களுக்கும் 2022 ஏப்ரலிலிருந்து அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் இருக்கிறது. அதற்கென்று உள்ள மருத்துவ நிலையங்களுக்குப் போகலாம், தொலைமருத்துவமும் உண்டு.

வேலை செய்யும்போது அடிபட்டிருந்தால் டாக்டரிடம் "கட்டிலிலிருந்து விழுந்தேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லச் சொல்பவர்கள் உங்கள் நண்பர்கள் இல்லை. எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு என்று உள்ளதைச் சொல்லுங்கள். 2020 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையிடக் காயத்துக்கு ஒரு நாள் எம்சியோ, ஏன், இலகுவான வேலை மட்டும் என்ற சீட்டோ கொடுத்தால்கூட முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். சீட்டைப் படம் பிடித்து ஊருக்கும் ஒரு நகல் அனுப்பி வையுங்கள். கசங்கிப்போன ஒரே ஒரு காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மழையில் நனைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து அக்கா வந்திருக்கிறார். இங்கே உடம்பு முடியவில்லை, அவர் அலுவலகம் சான்றிதழ் கேட்கிறது.

எந்தத் தனியார் கிளினிக்குக்கும் பாஸ்போர்ட்டோடு போகலாம். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் தமிழ் பேசும் டாக்டர்கள் கிடைப்பார்கள். வெளிநாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் கிடையாது என்பதால் போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 995, அவசரமில்லாத ஆம்புலன்ஸுக்கு 1777.

இங்கே சிக்கல் தலைகீழ். சிங்கப்பூர் எம்சியில் நோயின் பெயர் இராது, இந்திய அலுவலகம் அதைத்தான் முதலில் தேடும். நோய், சிகிச்சை, பயணம் செய்யக்கூடாத நாட்கள் ஆகியவற்றை எழுதி ஒரு மெமோ கேளுங்கள், சிறு கட்டணம் இருக்கலாம். அபோஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் முத்திரை) வேண்டுமென்று யாராவது பயமுறுத்தினால், அலுவலகம் எழுத்தில் கேட்டால் மட்டும் அலையுங்கள். சிங்கப்பூரில் அந்த வசதி 2021 செப்டம்பரில் வந்தது, ஆனால் நான்கு நாள் காய்ச்சலுக்கு அது தேவைப்படுவது அபூர்வம். வருகை அனுமதி முடியப்போகிறதென்றால், முடிவதற்கு முன்பே அந்த மெமோவோடு குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள்.

தெரிந்த டாக்டர் ஒருவர், பார்க்காமலே எழுதித் தருவார். அல்லது பழைய எம்சியில் தேதியை மாற்றிவிட்டால்?

கிளினிக்குக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். நோயைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் இந்தச் சீட்டு எங்களுடையதுதானா என்பதற்குப் பதில் கிடைக்கும். பொது மருத்துவமனைகளின் மின்-எம்சியை இணையத்திலேயே சரிபார்க்கலாம். போலி ஆவணம் தயாரிப்பது இங்கே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எவ்வளவோ மேல்.

கம்பெனி என் ஊர்ச் சீட்டை ஏற்கவில்லை. எங்கே முறையிடுவது?

மறுத்ததற்காக மட்டும் முறையிட்டால் நிற்காது. வருடாந்திர லீவில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள், பாக்கி இல்லையென்றால் சம்பளமில்லா விடுப்பு. பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

ஆனால் ஒப்பந்தத்தில் ஏற்போம் என்று எழுதிவிட்டு மறுத்தாலோ, வராத நாட்களுக்கு மேலாகச் சம்பளத்தைப் பிடித்தாலோ, சிங்கப்பூர் டாக்டர் எம்சியையே தள்ளினாலோ, சம்பளம், வேலை நீக்கம் போன்ற தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் (TADM) போகலாம். இன்னும் அதே வேலையில் இருப்பவர் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள், வேலையை விட்டவர் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சம்பளக் கோரிக்கை வைக்க வேண்டும். நியாயமில்லாமல் வேலையை விட்டு நீக்கினார்கள் என்ற புகாருக்கு அவகாசம் ஒரே மாதம். ஊரில் படுத்திருக்கும்போதே நீக்கக் கடிதம் வந்திருந்தால், முழுதாகக் குணமாகட்டும் என்று காத்திருக்காமல் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.